பேலட் பட்டறைக்கு ஏர் நெயிலர்: தேர்வும் பாதுகாப்பான பயன்பாடும்

கோவையிலிருந்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் பம்பு, மோட்டார், நூற்பாலை இயந்திர பாகம், வார்ப்படம் என எதை எடுத்தாலும் அடியில் ஒரு பேலட் இருக்கும், இல்லையென்றால் சுற்றிலும் ஒரு மரப்பெட்டி இருக்கும். இவற்றை அடித்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளில் சுத்தியல் ஓரத்துக்குப் போய், காற்றில் ஓடும் நெயிலர் கைக்கு வந்துவிட்டது. சுத்தியல் தவறினால் நகம் கறுக்கும். நெயிலர் தவறினால் 50 மில்லிமீட்டர் ஆணி உள்ளங்கையைத் துளைத்து மறுபுறம் வரும். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் இரண்டையும் ஒரே பழக்கத்தோடு பிடிக்க முடியாது.

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர்ப் பக்கம் இரண்டு மூன்று ஆட்களோடு பட்டறை நடத்துபவரை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. கன்னின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் ட்ரிகர் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். விபத்துக்கான வாய்ப்பில் பாதி கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வேகம் குறையும் என்று பயந்து பலர் தவறான ட்ரிகரை வாங்குகிறார்கள். அந்த வேகத்தின் கணக்கு உண்மையில் எவ்வளவு என்பதையும் கீழே பார்ப்போம்.

எந்த வேலைக்கு எந்த கன்

ஃப்ரேமிங் நெயிலர் என்று உலகச் சந்தையில் விற்கும் பெரிய கன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் மர வீடுகளுக்காக வந்தது. அங்கே சுவரின் எலும்புக்கூடே 38 மி.மீ. கனமுள்ள மரச்சட்டங்கள்தான். இரண்டு சட்டங்களை இணைக்க 75 முதல் 90 மி.மீ. வரை நீளமான ஆணி வேண்டும். நம் ஊரில் வீடு செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் எழுகிறது. எனவே 90 மி.மீ. கன் இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. கனமான இயந்திரத்துக்கு அடிச்சட்டம் கட்டுபவர், கன்டெய்னருக்குள் இயந்திரம் நகராமல் முட்டுக்கட்டை அடிப்பவர் ஆகியோருக்கு மட்டும் அது பயன்படும்.

ஆணி ஏற்றும் விதத்தில் நெயிலர்கள் இரண்டு வகை. ஒன்று பட்டை வகை. இருபது முதல் நாற்பது ஆணிகள் சாய்வாக ஒட்டிய பட்டை மேகசினில் நுழையும். ஆணிகளைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் என்றால் சாய்வு சுமார் 21 டிகிரி, கம்பி என்றால் 28, காகிதம் என்றால் 30 முதல் 34. ஒரு சாய்வுக்கான பட்டை இன்னொரு சாய்வுள்ள கன்னில் ஏறாது. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று பட்டை வகை கன் வாங்கிவிட்டு, அதற்கான ஆணி உள்ளூரில் கிடைக்காமல் மூலையில் போட்டவர்கள் உண்டு.

மற்றொன்று சுருள் வகை. சன்னக் கம்பியில் வெல்டு செய்த 200 முதல் 350 ஆணிகள் சுருளாக வட்ட மேகசினில் அமரும். பேலட் வேலைக்கு இதுதான் பொருத்தம். ஒரு சாதாரண பேலட்டில் மேலே 7 பலகை, கீழே 5 பலகை, நடுவே 3 ரன்னர் என்று வைத்துக்கொண்டால் 36 இணைப்புகள் வரும். இணைப்புக்கு 2 ஆணி என்றால் 72. 300 ஆணிச் சுருள் ஒன்றில் நான்கு பேலட் முடியும். முப்பது ஆணிப் பட்டையோடு வேலை செய்பவர் அதற்குள் பத்து முறை பட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

கடையில் சி.என். 55, சி.என். 70, சி.என். 80 என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். எழுத்துக்குப் பின்னால் வரும் எண், அந்தக் கன் ஏற்கும் நீளமான ஆணியின் அளவை ஏறத்தாழக் காட்டுகிறது. 18 மி.மீ. பலகையில் வழக்கமான பேலட் அடிப்பவருக்கு 55 போதும். 25 மி.மீ. பலகையும் தடித்த ரன்னரும் உள்ள கனரகப் பெட்டிக்கு 70 வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று 80 வாங்காதீர்கள். எடை கூடும், உதை கூடும், மாலை நான்கு மணிக்குக் கை தளரும். கை தளரும் நேரத்தில்தான் ஆணி இடம் மாறும்.

இன்டீரியர் தச்சர்கள் வைத்திருக்கும் எஃப் 30 பிராட் கன்னும், சுவரில் ரீப்பர் அடிக்கப் பயன்படும் எஸ்.டி. 64 கான்கிரீட் கன்னும் பேலட்டுக்கு உதவாது. முதலாவதன் ஆணி ஊசிபோல் மெலிது. சுமை ஏறியதும் உருவிக்கொள்ளும். இரண்டாவதன் ஆணி கான்கிரீட்டில் இறங்குவதற்காகக் கடினப்படுத்தப்பட்டது. வளைத்து மடக்கப் போனால் முறிந்துவிடலாம்.

கன்னைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதே கடைக்காரரிடம் மூன்று ஸ்பேர் கேளுங்கள்: ஓ-ரிங் கிட், டிரைவர் பிளேடு, பம்பர் ரப்பர். மூன்றும் கடையில் கையிருப்பில் இருந்தால் அந்த மாடலை வாங்கலாம். வரவழைத்துத் தருகிறோம் என்றால் பத்து ரூபாய் ஓ-ரிங்குக்காகப் பட்டறை இரண்டு நாள் நிற்கும்.

ட்ரிகர்: விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது

நெயிலரில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. விரலுக்கு ஒரு ட்ரிகர், மரத்தில் அழுந்தும்போது உள்ளே நகரும் ஒரு நோஸ். இரண்டும் சேர்ந்தால்தான் ஆணி பாயும். எந்த வரிசையில் சேர வேண்டும் என்பதில்தான் கன்னுக்குக் கன் வேறுபாடு.

சீக்வென்ஷியல் முறையில் முதலில் நோஸ் மரத்தில் அழுந்த வேண்டும், பிறகு ட்ரிகர் இழுபட வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அதே வரிசையில் தொடங்க வேண்டும். ட்ரிகரை முதலிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு நோஸை எதன்மேல் வைத்தாலும் ஆணி வராது.

காண்டாக்ட் முறையில் வரிசை கிடையாது. ட்ரிகரை இழுத்துப் பிடித்துக்கொண்டே மரத்தில் தட்டிக்கொண்டு போனால் தட்டும் இடமெல்லாம் ஆணி இறங்கும். பார்க்க வேகமாக இருக்கும். ஆனால் விரல் ட்ரிகரில் இருக்கும்போது நோஸ் பலகையில் பட்டாலும் ஆணி, பக்கத்தில் நிற்பவரின் முழங்காலில் பட்டாலும் ஆணிதான்.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. ஆணி இறங்கிய நொடியில் கன் பின்னால் உதைக்கும். நோஸ் மரத்தைவிட்டு எழும்பும். கை அனிச்சையாகத் திரும்ப அழுத்தும். விரல் ட்ரிகரை விடுவதற்குள் இது நடந்து முடிந்துவிடும். விளைவு, யாரும் கேட்காத இரண்டாவது ஆணி. அது முதல் ஆணியின் தலையில் பட்டுத் தெறிக்கலாம், பலகையின் ஓரத்தைத் தாண்டிப் பறக்கலாம். புதிதாகக் கன் பிடிப்பவர் பயத்தில் கூடுதலாக அழுத்துவார். அதனால் இரட்டை ஆணி அவரிடம்தான் அதிகம் நடக்கும்.

அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்புகளான நியோஷும் ஓஷாவும் 2011-ல் கட்டட ஒப்பந்ததாரர்களுக்காக நெயில் கன் கையேடு ஒன்றை வெளியிட்டன. காண்டாக்ட் ட்ரிகரில் காயப்படும் வாய்ப்பு, சீக்வென்ஷியலைவிட இரண்டு மடங்கு என்று அது சொல்கிறது. அங்கே வீடு கட்டும் வேலையில் பயிற்சி பெறும் தச்சர்களில் ஐந்தில் இருவர் நான்காண்டுக் காலத்தில் நெயில் கன்னால் காயம்பட்டிருந்தார்கள். காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும்.

அதே கையேட்டில் வேகத்துக்கும் பதில் இருக்கிறது. அனுபவமுள்ள 10 தச்சர்களிடம் இரண்டு வகைக் கன்னும் கொடுத்து ஒரே மாதிரியான சிறு மரக்கட்டடங்களைக் கட்டச் சொன்னார்கள். ஆணி அடிக்கும் நேரம் காண்டாக்ட் முறையில் சராசரியாக 10 விழுக்காடு குறைந்தது. ஆனால் அளந்து, அறுத்து, பொருத்தி முடித்த மொத்த நேரத்தில் அந்த மிச்சம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எந்தக் கன் என்பதைவிட யார் கையில் கன் என்பதே வேலை நேரத்தைத் தீர்மானித்தது.

பேலட் பட்டறையில் ஆணியின் பங்கு அதைவிடக் கூடுதல் என்பது உண்மை. அப்படியும் ஒரு நாள் உங்கள் பட்டறையில் கடிகாரத்தைப் பிடித்துப் பாருங்கள். ரன்னரை எடுத்து வைப்பது, பலகையை நேர் பார்ப்பது, வளைந்த பலகையை ஒதுக்குவது, முடிந்த பேலட்டைப் புரட்டி அடுக்குவது எல்லாம் சேர்ந்துதான் பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்ளும். நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் நல்ல ஜிக் ஒன்று செய்யுங்கள். பலகையும் ரன்னரும் தானாக இடத்தில் உட்காரும்படி இரும்புத் தடுப்புகள் வைத்த மேசை, ட்ரிகர் மிச்சம் பிடிப்பதைவிட அதிக நேரத்தைத் திருப்பித் தரும்.

சந்தையில் பல கன்கள் காண்டாக்ட் முறையில்தான் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. சிலவற்றில் மாற்றும் விசை இருக்கும், சிலவற்றுக்குச் சீக்வென்ஷியல் ட்ரிகர் கிட் தனியாகக் கிடைக்கும். ட்ரிகரின் நிறத்தை வைத்து முறையைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடையிலேயே சோதித்துவிடுங்கள். ஆணியை முழுதாக எடுத்துவிட்டுக் காற்று கொடுங்கள். கன்னைக் கீழ்நோக்கிப் பிடித்து, ட்ரிகரை முதலில் இழுத்துப் பிடித்தபடி நோஸைக் கழிவுக் கட்டையில் அழுத்துங்கள். டிரைவர் அடித்தால் காண்டாக்ட். அடிக்காமல் நின்றால் சீக்வென்ஷியல்.

ஏற்கெனவே காண்டாக்ட் கன் இருக்கிறது, உடனே மாற்ற முடியாது என்றால் அதை நீண்ட அனுபவமுள்ள ஒருவர் கையில் மட்டும், தட்டையான பேலட் மேசையில் மட்டும் விடுங்கள். புதிய ஆள், பெட்டியின் பக்கவாட்டு, ஏணிமேல் வேலை, கன்டெய்னருக்குள் வேலை ஆகிய நான்குக்கும் அது ஆகாது.

ஆணியும் மரமும்

நீளத்துக்கு ஒரு கைக்கணக்கு: மேல் பலகையின் கனத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. 18 மி.மீ. பலகையைத் தடித்த ரன்னரில் அடிக்க 45 முதல் 55 மி.மீ. ஆணி சரி. மெல்லிய பலகை இரண்டை ஒன்றோடொன்று அடிக்கும்போது இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆணி மறுபுறம் வெளியே வந்து மடங்க வேண்டும். இரண்டு 18 மி.மீ. பலகைக்கு 45 மி.மீ. ஆணியை எடுத்து, மேசைமேல் கனமான இரும்புத் தகட்டைப் போட்டு அடித்தால் முனை தகட்டில் முட்டித் தானே மடங்கும். பலகைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஒருபோதும் அடிக்கக் கூடாது.

ஆணியின் உடம்பு மழமழப்பாகவும், வளையம் போட்டதாகவும், திருகு முறுக்கியதாகவும் கிடைக்கும். பேலட்டுக்கு முறுக்கு ஆணி அல்லது வளைய ஆணி எடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் தூக்கி இறக்கும் ஆட்டத்தில் மழமழப்பான ஆணி மெல்ல மெல்லத் தலை தூக்கும். ஈரம் காயாத மரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடித்த அன்று இறுக்கமாக இருந்த பேலட், மரம் காய்ந்து சுருங்கியதும் கிறீச்சிடும்.

நம் பகுதியில் பெட்டிக்கு வரும் மரங்கள் ஒரே குணம் உள்ளவை அல்ல. நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக், கேரளத்து ரப்பர் மரம், கப்பலில் வரும் பைன், இடையிடையே வேம்பு, தைலம், வாகை என்று கலந்து வரும். பைனில் ஆணி எளிதாக இறங்கும், முடிச்சு வந்தால் மட்டும் தடுமாறும். வேம்பிலும் காய்ந்த தைலத்திலும் கன் எகிறும். ஒரே அழுத்தத்தில் எல்லா மரத்தையும் அடிக்கப் போனால் பைனில் தலை புதைந்து பலகை பிளக்கும், வேம்பில் தலை வெளியே நிற்கும். மரம் மாறும்போதெல்லாம் கழிவுத் துண்டில் இரண்டு மூன்று ஆணி அடித்துப் பார்த்து, ஆழம் மாற்றும் திருகைச் சரிசெய்யுங்கள்.

ஆணி நேராகத்தான் போகும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கடினமான ரேகையிலோ முடிச்சிலோ முட்டினால் அது வளைந்து பலகையின் பக்கவாட்டில் வெளியே வரும். எவ்வளவு தூரத்தில் வெளிவரும் என்பது ஆணியின் நீளத்தைப் பொறுத்தது. எனவே மற்றொரு கை, ஆணி அடிக்கும் புள்ளியிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். ஓர் அடி தள்ளிப் பிடிக்க முடியாத சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் போடுங்கள். முடிச்சு தெரிந்தால் ஆணியை இரண்டு விரற்கடை நகர்த்துங்கள்.

காற்றுக் கணக்கு

கம்ப்ரசருக்காக வெளியூர் அலைய வேண்டியதில்லை. 1960-ல் தொடங்கிய எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் நிறுவனத்தின் வளாகமே சிங்காநல்லூரில் திருச்சி சாலையில் இருக்கிறது. பிற நிறுவனங்களின் கம்ப்ரசர்களும், அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் கோவையில் தாராளமாக உண்டு. தெரிந்துகொள்ள வேண்டியது அளவுதான்.

பெரிய நெயிலர் ஓர் ஆணிக்குச் சுமார் 2 முதல் 2.5 லிட்டர் சாதாரணக் காற்றைக் குடிக்கும். இரண்டு கன், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சராசரி 25 ஆணி என்றால் 50 ஆணிக்கு அதிகபட்சம் 125 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ நாலரை கன அடி. கசிவுக்கும் சூட்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 6 சி.எஃப்.எம். நல்ல நிலையிலுள்ள 2 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் இதைச் சமாளிக்கும்.

வாங்கும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது சிலிண்டர் உறிஞ்சும் கொள்ளளவு. உண்மையில் வெளியே கிடைக்கும் காற்று எஃப்.ஏ.டி. என்று தனியாகக் குறிக்கப்படும். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். உங்கள் கணக்கை எஃப்.ஏ.டி.யோடு ஒப்பிடுங்கள்.

கன்னுக்கும் டேங்குக்கும் நடுவில் ஃபில்டர், ரெகுலேட்டர் இரண்டும் கட்டாயம். டேங்கில் 120 பி.எஸ்.ஐ. இருந்தாலும் கன்னுக்கு 70-ல் தொடங்கி, ஆணித்தலை பலகையோடு சமமாகும் வரை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். பெரும்பாலான வேலை 80 முதல் 100-க்குள் முடிந்துவிடும். கன்னின் உடம்பில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. ஆணி இறங்கவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் பம்பர் கிழியும், டிரைவர் முறியும். கோளாறு பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்: மெல்லிய ஹோஸ், தேய்ந்த ஓ-ரிங், அடைத்த ஃபில்டர்.

ஹோஸ் உள்விட்டம் 8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கன்னில் மாட்டும் கப்ளர் பற்றி ஒரு விதி: கன் பக்கம் ஆண் பிளக், ஹோஸ் பக்கம் பெண் கப்ளர். அப்போதுதான் ஹோஸைக் கழற்றிய உடனே கன்னுக்குள் மிஞ்சிய காற்று வெளியேறும். மாற்றி மாட்டினால், கழற்றிய கன்னுக்குள் ஓர் ஆணியைத் தள்ளும் அளவுக்குக் காற்று தங்கியிருக்கும்.

கரண்ட் போன நேரத்தில் பக்கத்து வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். கன்னுக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் கன் கையிலேயே வெடிக்கும். எரிவாயு எதுவானாலும் இதே கதைதான். நெயிலருக்குக் கம்ப்ரசர் காற்று தவிர வேறெதுவும் கூடாது.

மேசை, ஆள், உடை

பேலட் மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடிப்பது எங்கும் காணும் வழக்கம். ஓரத்தில் தவறும் ஆணி நேராக எதிரே நிற்பவரின் வயிற்றை நோக்கிப் போகும். இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்துங்கள். இடம் இல்லையென்றால் நேர் எதிரே வராதபடி தள்ளி நிற்கச் செய்யுங்கள். கன் எப்போதும் உடம்பைவிட்டு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். பெட்டியின் உட்புறம் இருந்து ஒருவர் பலகையைத் தாங்க, வெளியே இருந்து இன்னொருவர் அடிப்பது கூடவே கூடாது.

ஆணி அடிக்காத நேரத்தில் விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது, கைப்பிடியைத்தான் பற்றியிருக்க வேண்டும். ஹோஸைப் பிடித்துக் கன்னைத் தூக்கக் கூடாது. இன்னொருவர் கேட்டால் காற்றைக் கழற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். "காத்தை எடுத்துட்டேனுங்க" என்று சொல்லிக் கொடுப்பது பட்டறையின் பழக்கமாகட்டும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் புரியும் ஒரு சொல்லை எல்லோரும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். "ஹவா பந்த்" என்றால் போதும். பயிற்சியை வாயால் சொல்லி விட்டுவிடாமல், கற்பவர் கையில் கன்னைக் கொடுத்து, கழிவுக் கட்டையில் அடிக்கச் சொல்லி, விரலை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள்.

கண்ணாடி இல்லாமல் யாரும் மேசைக்கு அருகில் வரக் கூடாது. அடிப்பவருக்கு மட்டுமல்ல, பலகை எடுத்துக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். சுருள் ஆணியைப் பிடித்திருக்கும் கம்பித் துணுக்குகள் ஒவ்வோர் அடியிலும் தெறிக்கும். ஐ.எஸ். 5983 முத்திரையுள்ள, பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி வாங்குங்கள். கன்னின் சத்தம் சிறிய வெடிபோல் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ அதைப் பெருக்கும். காதடைப்பான் போடாதவருக்குச் சில ஆண்டுகளில் பேச்சு மங்கிக் கேட்கும். தரையில் ஆணி சிதறிக் கிடக்கும் பட்டறையில் ஹவாய் செருப்பும் வேண்டாம், தழையும் லுங்கியும் வேண்டாம். அடிப்பகுதியில் இரும்புத் தகடு வைத்த ஷூ நல்லது.

வேலை முடிந்ததும் ஏர் கன்னால் உடம்பிலுள்ள மரத்தூளை ஊதுவது நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. அந்தக் காற்று தூளைக் கண்ணுக்குள் செலுத்தும். தோலில் காயம் இருந்தால் அதன் வழியே உள்ளே புகும். தூரிகையால் தட்டிக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில்

கன்னை மாட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே இரவில் கணிசமான தண்ணீர் சேரும். அது கன்னுக்குள் போனால் துரு.

2. காற்று இல்லாமல் நோஸை விரலால் உள்ளே தள்ளி விடுங்கள். தயங்காமல் வெளியே குதிக்க வேண்டும். பிசினும் தூளும் பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டால் அந்தக் கன் அன்று வேலைக்கு ஆகாது. சுத்தம் செய்யும் வரை ஆணி ஏற்றாதீர்கள்.

3. நோஸைக் கம்பியால் கட்டி வைத்த கன்னோ, ஸ்பிரிங் கழற்றிய கன்னோ பட்டறையில் இருந்தால் அதை உடனே எடுத்து அலமாரியில் பூட்டுங்கள்.

4. ஏர் பிளக் வழியாக ஐந்தாறு துளி நியூமேட்டிக் டூல் ஆயில் விடுங்கள். பழைய என்ஜின் ஆயிலும், துரு நீக்கும் ஸ்பிரேயும் ஓ-ரிங்கைக் கெடுக்கும். லூப்ரிகேட்டர் பொருத்தியிருந்தால் அதன் கிண்ணத்தைப் பாருங்கள்.

5. தலைப்பகுதி ஸ்க்ரூக்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உதையில் அவை தளரும்.

6. காற்று கொடுத்துச் சற்று நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் வந்தால் ஓ-ரிங் போகத் தொடங்கிவிட்டது.

ஆணிச் சுருள்களை ஈரம் படாத இடத்தில் பெட்டியோடு வையுங்கள். கீழே விழுந்து நெளிந்த சுருள், துருப்பிடித்த சுருள் இரண்டும் கன்னுக்குள் சிக்குவதற்கென்றே காத்திருப்பவை.

கன்னுக்குள் ஆணி சிக்கினால் வரிசை மாறக் கூடாது: முதலில் ஹோஸைக் கழற்று, அடுத்து மேகசினைத் திற, சுருளை எடு, பிறகுதான் நோஸுக்குள் கம்பியோ குறடோ நுழையலாம். ஹோஸ் மாட்டியபடி நோஸுக்குள் விரல் விடும் அவசரம் எந்த ஆர்டருக்கும் தேவையில்லை. அடிக்கடி சிக்கினால் டிரைவர் பிளேடின் முனை தேய்ந்திருக்கும், அல்லது ஆணியின் விட்டம் கன்னுக்குப் பொருந்தாததாக இருக்கும்.

ஏற்றுமதிப் பெட்டிக்கு ஒரு குறிப்பு

வெளிநாடு போகும் மரப்பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு விதி உண்டு. சூடேற்றும் முறையில் என்றால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றி, கதிர் முத்திரையும் எச்.டி. குறியீடும் போட்டிருக்க வேண்டும். நெயிலர் கையில் இருப்பவருக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. லாரி வாசலில் நிற்கும்போது ஒரு பலகை உடைந்தால், கைக்குக் கிடைத்த ரீப்பரை அரை நிமிடத்தில் அடித்துவிடலாம். அது சூடேற்றாத மரம் என்றால் முத்திரை போட்ட முழுப் பெட்டியும் விதிக்கு வெளியே போய்விடும். சரக்கு அந்நியத் துறைமுகத்தில் நிற்கும். பழுதுக்கென்று சூடேற்றி முத்திரையிட்ட பலகைகளைத் தனியாக அடுக்கி வையுங்கள். 6 மி.மீ. வரையிலான மெல்லிய மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் இந்த விதி இல்லை.

ஆணி உடம்பில் ஏறினால்

காற்றை நிறுத்துங்கள். அடிபட்டவரை உட்கார வையுங்கள். ஆணியைப் பிடுங்காதீர்கள். சுருள் ஆணியின் உடம்பில் வெல்டு உடைந்த கம்பி முட்கள் ஒட்டியிருக்கும். உருவும்போது அவை நரம்பையும் தசைநாரையும் கிழிக்கும். சின்னக் காயம்போல் தெரிந்தாலும் எலும்பில் பட்டிருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். பலகையோடு சேர்ந்து கை மாட்டிக்கொண்டால், கையை அசைக்காமல் சுற்றிலும் உள்ள பலகையை அறுத்து, துண்டோடு சேர்த்துக் கட்டி அழைத்துப் போங்கள். ஆணி ஆடாதபடி இருபுறமும் துணியை மடித்து வைத்துக் கட்டுங்கள். அதே சுருளிலிருந்து வேறு ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். முட்கள் எப்படி இருக்கும் என்று அவருக்கு உடனே தெரியும். டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். கண், கழுத்து, நெஞ்சு, தலை என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் 108.

சிங்காநல்லூர்க்காரர்களுக்கு காமராஜர் சாலை இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு, வேலையில் பட்ட காயத்தால் வீட்டிலிருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். ஆள் சேர்ந்த அன்றே பதிவு செய்யுங்கள். காயம்பட்ட பிறகு பதிவு செய்ய ஓடுவது யாருக்கும் உதவாது. 10 பேர் இல்லாத பட்டறை என்றால் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்டுச் செலவை ஒரு கன்னின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

சின்னச் சம்பவங்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: இரட்டை ஆணி, பக்கவாட்டில் வந்த ஆணி, நோஸ் ஒட்டிக்கொண்டது, தேதி, எந்தக் கன், எந்த மரம். மாதம் ஒருமுறை புரட்டினால் ஒரே கன் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒரே மரம் வருகிறதா, மாலை நேரத்திலேயே வருகிறதா என்று தெரியும். அடுத்த விபத்து எங்கே நடக்கும் என்பதை அந்த நோட்டு முன்கூட்டியே காட்டும்.

மேசைக்கு மேலே எழுதி மாட்ட

1. கண்ணாடி போடாமல் கன்னைத் தொடாதே.
2. அடிக்கும்போது மட்டும் விரல் ட்ரிகரில்.
3. இன்னொரு கை ஓர் அடி தள்ளி.
4. எதிரில் ஆள் இருந்தால் அடிக்காதே.
5. கொடுக்கும்போது, சிக்கும்போது, போகும்போது ஹோஸைக் கழற்று.
6. நோஸைக் கட்டாதே.
7. ஆணி ஏறினால் பிடுங்காதே.

பெரிய எழுத்தில் எழுதி, படம் வரைந்து, படிக்கத் தெரியாதவருக்கு வாரம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஆர்டர் நெருக்கும் நாளில் முதலாளியே ஐந்தாவது விதியை மீறினால், மறுநாளிலிருந்து அந்தப் பட்டறையில் ஐந்தாவது விதி கிடையாது.